கைத்தொழிலில் இருக்கும் கை

சென்ற விடுமுறைக்குச் சென்னையிலிருந்து கொழும்புப் பக்கத்தில் உள்ள எங்கள் ஹெந்தளை வீட்டுக்கு வந்திருந்த மச்சான், மகளின் வரலாற்றுப் பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு தலைப்பில் அவருடைய கண் நின்றுவிட்டது. ‘கைத்தொழில் புரட்சி’ என்று போட்டிருந்தது.

“இது அச்சுப் பிழையாம்மா? கைத்தொழிலை மெஷின் வந்து விழுங்கினதுதானே அந்தப் புரட்சி. நாங்க தொழிற்புரட்சின்னுதான் படிச்சோம்.”

“பிழை இல்லை மாமா. இங்க இன்டஸ்ட்ரி எண்டால் கைத்தொழில்தான். அமைச்சுக்கே அதுதானே பேர்.”

இரண்டு பேர் சொன்னதும் சரி. ஒரே எழுத்து, ஒரே மொழி. ஆனால் பாக்குநீரிணையின் ஒரு கரையில் பாய் முடைவதையும் பானை வனைவதையும் குறிக்கும் சொல், மறு கரையில் புகைபோக்கி வைத்த ஆலையைக் குறிக்கிறது. இது எப்படி வந்தது, எங்கள் பக்கத்து வழக்கு பிழையா என்ற கேள்வி அன்று எனக்குள் விழுந்தது. அதைத் தேடிப் போனதில் கண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வழக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 1958இல் கிண்டியில் திறந்தது தொழிற்பேட்டை. எங்கள் வீட்டிலிருந்து நீர்கொழும்பு வீதியால் ஜா-எல வரை போய்த் திரும்பினால் வரும் ஏக்கலையில் இருப்பது கைத்தொழிற்பேட்டை. வடக்கே அச்சுவேலியிலும் அதே பெயர்தான். இந்தியாவில் 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம்; இலங்கையில் 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம். 1948இல் டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் ஜி.ஜி. பொன்னம்பலம் ஏற்றது கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, கடற்றொழில் அமைச்சு. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, வாழைச்சேனைக் காகித ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை என்று அந்தக் காலத்தோடு சேர்த்துப் பேசப்படுகிற ஆலைகள் எதிலும் பாய் முடையவில்லை. சுண்ணாம்புக் கல்லை அரைத்துச் சூளையில் வேகவைக்கிற வேலைக்கும் இலங்கைத் தமிழில் பெயர் கைத்தொழில்தான். 1969ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது கைத்தொழில் அபிவிருத்திச் சபை. இன்றைக்குப் பத்திரிகையைத் திறந்தால் ஆடைக் கைத்தொழில், தேயிலைக் கைத்தொழில், ஏன், தகவல் தொழில்நுட்பக் கைத்தொழில் என்றுகூட வரும்.

இதற்குக் காரணம் அறியாமை அல்ல, தேவை. இலங்கைத் தமிழில் ‘தொழில்’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். “தம்பி என்ன தொழில் பார்க்கிறார்?” என்று கேட்டால் உத்தியோகத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். தொழில் வாய்ப்பு என்றால் வேலைவாய்ப்பு. தொழில் திணைக்களம் என்றால் தொழிலாளர் விவகாரத்தைப் பார்க்கும் இடம். சம்பளப் பாக்கி, ஊழியர் சேமலாப நிதி என்று அலையும் எல்லோருக்கும் தெரிந்த நாரஹேன்பிட்டிக் கட்டடம் அது. இந்த நிலையில் கைத்தொழில் அமைச்சின் பலகையிலிருந்து ‘கை’யை எடுத்துவிட்டால் அதற்கும் தொழிலாளர் விவகாரத்தைப் பார்க்கும் தொழில் அமைச்சுக்கும் ஒரே பெயர் வந்துவிடும். தமிழ்நாட்டார் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்துக்கொண்டார்கள். ஒன்றைத் தொழில்துறை என்றும் மற்றதைத் தொழிலாளர் நலத்துறை என்றும் வைத்தார்கள். நாங்கள் கையை வைத்துப் பிரித்தோம். கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் என்று கொழும்பில் ஓர் அரச ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1955இல் வேறு பெயரில் தொடங்கியது. அந்தப் பெயருக்குள் இரண்டு தொழில் இருக்கிறது. முன்னாலுள்ள கைதான் அவற்றைக் குழம்பாமல் காக்கிறது.

சிங்களத்தில் இன்டஸ்ட்ரிக்குச் சொல் ‘கர்மாந்த’. கைவினை என்று சொல்ல வேண்டுமானால் அவர்கள் முன்னால் ஒரு கையைச் சேர்க்க வேண்டும்: ‘ஹஸ்த கர்மாந்த’. பேச்சில் ‘அத்கம்’ என்பார்கள். ‘அத்’ என்றால் கை, ‘கம்’ என்பது கருமம். எங்களுக்கோ பொதுச் சொல்லுக்குள்ளேயே கை இருக்கிறது. கைவினையைப் பிரித்துச் சொல்லும்போதுதான் தடுமாறுகிறோம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சொல்லை இரண்டாகப் பிரித்தால் கை ஒன்று, தொழில் ஒன்று. தொழிலை விட்டுவிடுகிறேன், தொழு, தொழும்பு என்று அதன் அக்கம்பக்கத்தை வைத்துக் கதை கட்டுபவர்கள் பலர், எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கையின் கதைதான் வளமானது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனை எடுத்துக் ‘கை’ என்று தொடங்கும் பக்கங்களைப் பாருங்கள். பக்கம் பக்கமாகப் போகும். கை என்பது உறுப்பு மட்டும் இல்லை. பக்கம், ஒழுக்கம், படைப்பகுதி, சிறுமை என்று விரிந்துகொண்டே போகிறது. ஆனால் என்னை நிறுத்தியது வேறொன்று. தெலுங்கில் கைக்கு ‘செய்யி’ என்று பெயர். ‘செய்’ என்று ஏவுவதற்கும் தெலுங்கில் ‘செய்யி’தான். கையும் செய்கையும் ஒரே ஒலி.

தமிழில் இவை விலகி நிற்பதுபோல் தெரிவதற்கு ஓர் ஒலி வரலாறு இருக்கிறது. கன்னடத்தில் ககரம் வரும் பல இடங்களில், பின்னால் இகரமோ எகரமோ வந்தால், தமிழில் அது சகரமாகிவிட்டது. அவர்களுடைய ‘கிவி’ எங்களுக்குச் செவி. அவர்களுடைய ‘கெம்பு’ எங்கள் செம்மையோடு சேர்ந்தது. அதுபோலப் பழங்கன்னடத்தின் ‘கெய்’, ‘கெ’ என்ற வினைதான் எங்கள் ‘செய்’. கிளி, கெடு போன்ற சொற்கள் மட்டும் பின்னால் வரும் நாமடி எழுத்தால் தப்பிக்கொண்டன. ஆக, ‘செய்’ ஒரு காலத்தில் ‘கெய்’யாக இருந்தது, பக்கத்தில் ‘கய்’ என்று கை நின்றது. இரண்டும் ஒரே வேரா? பரோவும் எமெனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே வைத்திருக்கிறது. அவர்களுடைய கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். என்றாலும் வடமொழியில் ‘கர’ என்ற கையும் ‘க்ரு’ என்ற செய்தலும் இதேபோல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கும்போது, கையைச் செய்கிற உறுப்பாகத்தான் பழைய மனிதர்கள் கண்டார்கள் என்று நம்புவதில் பிழை இருப்பதாக எனக்குப் படவில்லை.

செய் என்ற அந்தச் சிறிய சொல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். உழுது பண்படுத்தின நிலம் செய். நன்செய், புன்செய் என்கிறோம். கட்டின பாட்டு செய்யுள். நகைக் கடையில் பில் போடும்போது பொன்னின் விலைக்குக் கீழே வரும் வரி செய்கூலி. வயலும் கவிதையும் நகையும் தமிழில் ஒரே வினையிலிருந்து பெயர் வாங்கியிருக்கின்றன. இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு மொழி கைவேலைக்குச் செய்ய முடியுமா என்று தெரியவில்லை.

ஆனால் மரியாதை எப்போதும் இருக்கவில்லை. கைதேர்ந்தவர், கைவந்த கலை, கைராசி, கைப்பக்குவம் என்று ஒரு பக்கம். சித்திரை வருடப் பிறப்பன்று பெரியவர்கள் வெற்றிலையில் காசும் நெல்லும் வைத்துத் தரும் கைவிசேஷமும் அந்தப் பக்கம்தான். மறுபக்கம் கைநாட்டு, கையாள், கைக்கூலி. எழுதத் தெரியாத ஒருவர் பெருவிரலை அழுத்துவதுதான் கைநாட்டு. அந்தப் பெருவிரல் ஒரு வாழ்நாள் முழுக்கக் கல் சுமந்திருக்கும், வலை பின்னியிருக்கும், சொல்லோ வசையாகிவிட்டது. கையால் செய்பவர்களைச் சாதியாகப் பிரித்துக் கீழே வைத்த சமூகத்தில் சொல்லும் அதே படியில் இறங்கியதில் வியப்பில்லை. கம்மியர் என்ற பழஞ்சொல் சங்க நூல்களிலேயே கைவினைஞரைக் குறித்து வருகிறது. கருமத்தின் பிராகிருத வடிவமான ‘கம்ம’விலிருந்து வந்தது அது. இன்றைக்குத் தமிழ்நாட்டுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் படிப்புக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்.

கொழும்புப் பக்கத்தில் இந்த ஏற்றத்தாழ்வைக் காட்ட இன்னொரு சோடிச் சொல் உண்டு. வீடு கட்டும் மேசனையும் தச்சரையும் நாங்கள் ‘பாஸ்’ என்கிறோம். சிங்களத்திலும் அதேதான். ஒல்லாந்தரின் ‘பாஸ்’ என்ற சொல் அது. வேலையில் தலைவர், மேஸ்திரி என்று பொருள். அதே ஒல்லாந்தச் சொல் அமெரிக்காவுக்குப் போய், ஆங்கிலமாகி, ‘பொஸ்’ என்று எங்கள் கந்தோருக்கு வந்தது. ஒன்று கையில் சாந்தகப்பையோடு சாரத்தில் நிற்கிறது. மற்றது குளிரூட்டிய அறையில் கையெழுத்துப் போடுகிறது. வேர் ஒன்றுதான்.

ஒல்லாந்தர் ஹெந்தளையில் இன்னொன்றையும் விட்டுப்போனார்கள். அதைச் சொல்லாமல் ஹெந்தளையிலிருந்து கையைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது. 1708இல் அவர்கள் நிறுவிய தொழுநோய் வைத்தியசாலை எங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் ஹெந்தளை என்று சொன்னாலே அதைத்தான் நினைப்பார்கள். கலியாணம் பேசுகிற இடத்தில் ஊரின் பெயரைச் சொல்லக் கூசியவர்களை எனக்குத் தெரியும்.

தொழுநோய் கையை என்ன செய்கிறது? ஹான்சன் 1873இல் கண்டுபிடித்த கிருமி நரம்பைத் தாக்குகிறது. முழங்கையின் உட்புறமாக ஓடும் நரம்பு செயலிழந்தால் விரல்கள் பறவை நகம்போல் மடங்கிவிடும். உணர்ச்சி போய்விடும். சூடான தாச்சியைப் பிடித்தாலும் சுடாது. சுட்டது தெரியாததால் புண். புண் தெரியாததால் விரல் தேய்வு. விரல் தானாக அழுகி விழுவதாக உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அப்படி இல்லை, வலி தெரியாத கை தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறது என்பதை வலியுறுத்தி நிறுவியவர் போல் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, நல்ல தசைநார் ஒன்றை எடுத்து மடங்கிய விரல்களுக்கு மாற்றிக் கட்டும் அறுவைச் சிகிச்சையை வளர்த்தார். விரல்கள் விரிந்தன. அதோடு அவர் நிற்கவில்லை. குணமான கைக்குத் திரும்பிப் போக வேலை வேண்டும் என்று தச்சுப் பட்டறை வைத்து, அந்த இளைஞர்களுக்கு மரப் பொம்மை செய்யப் பழக்கினார். உளி பிடிக்கும்போது எவ்வளவு அழுத்துகிறோம் என்று உணராத கை உளிப்பிடியாலேயே புண்ணாகும். ஆகவே கருவிகளின் பிடியைக்கூட மாற்றி அமைக்க வேண்டியிருந்தது.

கைத்தொழில் என்ற சொல்லின் அடி ஆழத்தை எனக்குக் காட்டியது இந்தக் கதைதான். கை வெறும் பலம் இல்லை. பலம் என்றால் மாடும் தரும், மோட்டாரும் தரும். கை உணர்வது. பிட்டு மாவைப் பிடித்துப் பார்த்து நீர் போதுமா என்று சொல்வதும், நாடி பிடிப்பதும், துணியைத் தடவி நூலைச் சொல்வதும் கை. கைப்பதம், கைப்பக்குவம் என்ற சொற்களில் இருப்பது அந்த உணர்வுதான். இதில் ஒரு விந்தையும் உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘சேர்ஜரி’ என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்தில் ‘கெயிர்’ கை, ‘எர்கோன்’ வேலை. சொல்லுக்குச் சொல் அது கைத்தொழில்! வேலூரில் பிராண்ட் செய்தது ஒரு கைத்தொழிலால் பல கைத்தொழில்களை மீட்டது.

இன்று தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. நேரத்தோடு போனால் கை மடங்குமுன்பே குணமாகிவிடும். ஊரின் பெயரைச் சொல்லக் கூச ஒன்றுமில்லை.

ஐரோப்பிய மொழிகள் பக்கம் வந்ததால் இன்னொன்றையும் பார்த்துவிடுவோம். என் மச்சானின் ஆட்சேபம் அங்கும் செல்லும். உற்பத்தியைக் குறிக்கும் ‘மனுபெக்சர்’ இலத்தீனில் கை என்ற ‘மனுஸ்’, செய்தல் என்ற ‘ஃபாக்கெரே’ இரண்டும் சேர்ந்த சொல். கையால் செய்தல். இன்று ரோபோ செய்யும் காருக்கும் அதே சொல்லைத்தான் போடுகிறார்கள். யாரும் அச்சுப் பிழை என்பதில்லை. கார்ல் மார்க்ஸ் மட்டும் ‘மூலதன’த்தில் கவனமாக இருந்தார்: பட்டறையில் வேலையைப் பங்கிட்டுக் கையால் செய்த காலத்துக்கு அந்தச் சொல்லை வைத்து, இயந்திரக் காலத்தைப் பெருந்தொழில் என்று பிரித்தார். ‘இன்டஸ்ட்ரி’யும் முதலில் ஆலை இல்லை, இலத்தீனில் அது விடாமுயற்சி. ஆக, கையின் பெயரைத் தாங்கிய சொல் இயந்திரத்துக்குப் போவது உலக வழக்கம். இலங்கைத் தமிழ் அந்த வழியில்தான் நடந்திருக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு போக்கு உண்டு. முன்பு தறி என்றாலே போதும். நீராவித் தறியும் மின்தறியும் வந்த பிறகுதான் ‘கைத்தறி’ தேவைப்பட்டது. அரிசியைக் குத்தித்தான் எடுத்தார்கள். மில் வந்த பிறகு ‘கைக்குத்தல்’ என்று தனிப் பெயர். அச்சில் பிழிந்த முறுக்கு வந்ததால் கைமுறுக்கு. கை ஒரு பொருளின் பெயருக்குள் வந்து உட்கார்கிறது என்றால், அந்தப் பொருளிலிருந்து கை விலகத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தியச் சட்டம் இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறது: 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கைத்தறி என்றால் விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் என்றுதான் வரைவிலக்கணம். இயந்திரம் இல்லாதது என்று எதிர்மறையில் சொல்லித்தான் கையை அடையாளம் காட்ட முடிந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சேலையும் அந்தப் பெயரால்தான் விலை போகின்றன. வெள்ளவத்தையிலோ நெடுங்காலம் ஒரு பெரிய நூற்பு நெசவு ஆலை ஓடியது. இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா பெயர் பெற்ற 1933ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் அங்கேதான் நடந்தது. அறுந்த நூலை ஓடும் கதிருக்கு முன்னால் நின்று விரலால் முடிந்தவர்களின் கூலிப் போராட்டம் அது. ஆலை என்று பெயரானாலும் அறுந்த நூலை முடிவதற்கு விரல் வேண்டியிருந்தது.

இன்றைக்கும் அப்படித்தான். 1978இல் தொடங்கிய கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தில், தையல் மெஷின் முன்னால் இருக்கும் பிள்ளையின் இரண்டு கையும் துணியை நகர்த்தாமல் ஒரு காற்சட்டை உருவாகாது. துணி துவள்கிற பொருள். அதை நேராகப் பிடித்து, மடிப்பை உணர்ந்து, ஊசிக்குக் கீழே தள்ளும் வேலையை இயந்திரத்துக்குப் பழக்குவது இன்னும் பெரும்பாடாகவே இருக்கிறது. ஆடைக் கைத்தொழில் என்று பத்திரிகை எழுதும்போது அதிலுள்ள கை பழைய மிச்சம் இல்லை. உள்ளதைத்தான் சொல்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பழைய சங்கிலியைத் திருத்தச் செட்டியார் தெருவுக்குப் பின்னாலுள்ள ஒரு பட்டறைக்குப் போனேன். முன் கடைகளின் வெளிச்சம் அங்கே இல்லை. ஒரு மேசை, ஒரு விளக்கு, உமியோடு, குறடு, அரம், கம்பியச்சு. மடியில் விழும் பொடியைப் பிடிக்க மேசையோடு கட்டிய தோல். பத்தர் ஐயா பொன் கம்பியை அச்சின் துளை ஒவ்வொன்றாக இழுத்து மெலிதாக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துளைக்குப் பிறகும் கம்பியைக் கண்ணால் பார்க்கவில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஓடவிட்டார். ஓரிடத்தில் நிறுத்தி, “இதில ஒரு வெடிப்பு இருக்கு, இன்னொருக்கால் காய்ச்ச வேணும்” என்றார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. காய்ச்சி எடுத்துத் தட்டியபோது அந்த இடத்தில்தான் மயிரளவு கோடு திறந்தது.

“மகன் பழகுறாரா ஐயா?”

“அவன் கட்டாரில. மெஷின் செயின் வந்த பிறகு இதில என்ன இருக்கு தம்பி.”

இங்கேதான் எங்கள் சொல்லின் குறையும் தெரிகிறது. கைத்தொழில் என்று ஆலையைச் சொல்லிவிட்டதால், அந்தப் பத்தர் செய்வதற்கு எங்களிடம் உறுதியான பெயர் இல்லாமல் போயிற்று. குடிசைக் கைத்தொழில், சிறு கைத்தொழில் என்று அளவால் பிரிக்கிறோம். அது அவருடைய வேலையைச் சின்னதாக்கும் பெயர். 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிறுவனத்துக்குத் தமிழில் தேசிய அருங்கலைகள் பேரவை என்று பெயர். அழகான பெயர்தான். ஆனால் ஆலைகளின் அமைச்சுப் பலகையில் கை இருக்க, உண்மையாகக் கையால் வாழ்பவர்களின் பேரவைப் பலகையில் கை இல்லை. அருங்கலை என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது. பனையோலையில் பெட்டி இழைக்கும் அம்மாவுக்கு அது அன்றாடச் சோறு.

என் தீர்ப்பு இதுதான். கைத்தொழில் புரட்சி, கைத்தொழில் அமைச்சு என்ற இலங்கை வழக்கை யாரும் பிழை என்று திருத்த வேண்டாம். அது பிழையே இல்லை; தேவையிலிருந்து பிறந்தது, உலக வழக்கோடு ஒத்தது, ஆலைக்குள் இருக்கும் கையை மறக்காதது. கையால் மட்டும் செய்வதற்குக் ‘கைப்பணி’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே எங்கள் வாயில் இருக்கிறது. பனையோலைக் கைப்பணி என்று யாழ்ப்பாணத்தில் சொல்கிறார்கள். அதைப் பாடப்புத்தகத்திலும் பத்திரிகையிலும் கடைப் பலகையிலும் உறுதியாக வைத்துவிட்டால் போதும்.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பத்தர், தச்சர், வலை பின்னுகிறவர், ஓலை இழைக்கிறவர் யாராவது இருந்தால், அவர் பாவிக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு அசைவுக்கும் அவர் என்ன பெயர் சொல்கிறார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தப் பட்டறையில் நான் கேட்ட சொற்களில் நான்கை எந்த அகராதியிலும் காணவில்லை. பத்தர் ஐயாவுக்கு வயது எழுபத்தொன்று.